உடைமையும் வாடகையும்

மனிதன் தான் விரும்பும் கலைக்குரிய கருவிகளையெல்லாம் தன் வீட்டில் சேர்த்து வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான். இசை பயிலத் தொடங்கியவன் முதல் மாதத்திலேயே ஆர்மோனியப் பெட்டி வாங்குகிறான். படம் வரைய விரும்புகிறவன் நூறு வண்ணங்கள் அடங்கிய பெட்டியைத் தேடிப் போகிறான். கருவி கைக்கு வந்தவுடன் கலையும் கைக்கு வந்துவிட்டதைப் போன்ற நிறைவு உள்ளத்தில் தோன்றுகிறது. பல வீடுகளில் அந்த நிறைவோடு முயற்சியும் முடிந்துவிடுகிறது. கருவி மட்டும் அலமாரியின் மேல்தட்டில் எஞ்சி நிற்கிறது. ஆர்மோனியப் பெட்டியில் தூசி படிந்தால் எவர் உயிருக்கும் கேடில்லை. ஆயினும், பயன்படாமல் கிடப்பதனாலேயே உயிருக்குக் கேடாக மாறும் பொருள்களும் உலகில் உண்டு. கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் முக்குளிப்புக் கருவிகள் அத்தகையவை.

பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியர் இருவர், 2022ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் பெர்ஹெந்தியான் தீவுக்குப் புறப்பட்டனர். கெரிக்கிலிருந்து ஜெலி செல்லும் மலைச்சாலையைக் கடந்து, கோலா பெசூட் படகுத்துறையை அவர்கள் அடைந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. மூத்தவரிடம் இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய ஒரு பெரிய பை இருந்தது. இளையவர் தோளில் ஒரு சிறிய பை மட்டுமே தொங்கியது.

“தம்பி, எல்லாவற்றையும் வாடகைக்கா எடுக்கப் போகிறீர்கள்? யார் யாரோ வாயில் வைத்த கருவியாயிற்றே!” என்றார் மூத்தவர்.

“ஆண்டுக்கு மூன்று நான்கு நாள் முழுகுகிற எனக்கு அது போதும், சார்,” என்றார் இளையவர்.

இருவரும் சிரித்தனர். தம் முடிவே சரியானது என்னும் உறுதி இருவர் உள்ளத்திலும் இருந்தது. அந்த உறுதியில் இருவருமே பாதி அளவு பிழைபட்டிருந்தனர் என்பது அன்று மாலைக்குள் விளங்கிவிட்டது.

முக்குளித்தல் தமிழருக்குப் புதிய தொழிலன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர், காலில் கல்லின் பாரத்தைப் பெற்றுக் கயிற்றின் துணையால் கடலடிக்கு இறங்கினர். ஒரே மூச்சில் சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு மேலேறினர். ஒரு கல்லும் ஒரு கயிறும் ஒரு கூடையுமே அவர்களுடைய கருவிகள். 1943ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் இணைந்து புதிய மூச்சுக் கருவி ஒன்றை உருவாக்கினர். அதன் பின்னரே, முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு மீன்களைப் போல் உலவும் இக்கால முக்குளிப்பு பொழுதுபோக்காகப் பரவியது. இன்று நம் நாட்டில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான், சிப்பாடான் எனப் பல தீவுகள் இதற்குப் பெயர் பெற்றிருக்கின்றன.

கல்லும் கயிறும் இருந்த இடத்தில் இன்று பல கருவிகள் வந்துவிட்டன. கண்களையும் மூக்கையும் மூடும் முகக் கண்ணாடி, கால்களில் அணியும் துடுப்பு, உடலை மூடும் ரப்பர் உடை, நீரில் மிதக்கவும் தாழவும் உதவும் மிதவைச் சட்டை, இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகள், அழுத்தமானி, மணிக்கட்டில் அணியும் முக்குளிப்புக் கணினி, காற்றுக் கலன், அந்தக் கலனிலிருந்து காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் என அவற்றின் பட்டியல் நீளும். கலனுக்குள் இருப்பது தூய உயிர்வளி என்று பலர் எண்ணுகின்றனர். பொழுதுபோக்கு முக்குளிப்பில் பெரும்பாலும் பயன்படுவது நாம் மூச்சுவிடும் அதே காற்றுதான். அது ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அந்த அழுத்தத்தை இரண்டு படிகளில் குறைத்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு இணையாக்கி, மூச்சை இழுக்கும்போது மட்டும் தருவதே ரெகுலேட்டரின் பணியாகும்.

மூத்த ஆசிரியர் இந்தக் கலையை 2018ஆம் ஆண்டில் கற்றார். அடிப்படைப் பயிற்சியில் நான்கு முறை கடலில் இறங்கி, 18 மீட்டர் ஆழம் வரை செல்லத் தகுதி பெற்றார். நான்காம் முறை இறங்கியபோது ஓர் ஆமை அவர் அருகே வந்து சற்று நின்று சென்றது. அந்த ஆமையே அவரைக் கருவிக் கடைக்கு அழைத்துச் சென்றது எனலாம். ஊர் திரும்பிய மறு வாரமே, சேமிப்பில் இருந்த பணத்தை எடுத்து, காற்றுக் கலனும் ஈயக் கட்டிகளும் நீங்கலாக எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். “சமையலறைக் கூரையைப் பழுது பார்க்க வைத்திருந்த பணமாயிற்றே!” என்று அவருடைய மனைவியார் நினைவூட்டினார். “நாமே சொந்தமாக வைத்திருந்தால் வாடகை மிச்சம்தானே!” என்று அவர் பதில் கூறினார்.

அந்த மிச்சம் எவ்வளவு என்பதைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். முழுக் கருவித் தொகுதியின் விலை 5,000 ரிங்கிட் என்றும், அதன் ஒரு நாள் வாடகை 50 ரிங்கிட் என்றும் கொள்வோம். இவை கணக்கிற்காகக் கொண்ட எண்கள். இடத்திற்கும் தரத்திற்கும் ஏற்ப இவை மாறும். ஆண்டுக்கு 4 நாள் முழுகுகிறவர் 200 ரிங்கிட் வாடகை கொடுப்பார். 5,000 ரிங்கிட்டை 200ஆல் வகுத்தால் 25 வருகிறது. எனவே, போட்ட முதல் திரும்பிவர 25 ஆண்டுகள் ஆகும். கணக்கு இத்துடன் முடியவில்லை. ரெகுலேட்டரையும் மிதவைச் சட்டையையும் தயாரிப்பாளர் குறித்த காலத்தில், பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை, தேர்ந்த வல்லுநரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 300 ரிங்கிட் ஆகும் என்று கொண்டால், பராமரிப்புச் செலவே வாடகையை விஞ்சிவிடுகிறது. அப்போது எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் முதல் திரும்பாது. ஆண்டுக்கு 40 நாள் முழுகுகிறவருக்கோ கணக்கு தலைகீழாக மாறும். அவர் கொடுக்க வேண்டிய வாடகை 2,000 ரிங்கிட். பராமரிப்பு போக மிச்சம் 1,700 ரிங்கிட். ஏறக்குறைய மூன்றே ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். ஆகவே, உடைமை நன்றா வாடகை நன்றா என்ற வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. ‘ஆண்டில் எத்தனை நாள்?’ என்ற வினாவை முதலில் கேட்க வேண்டும்.

மூத்தவர் 2019ஆம் ஆண்டில் மூன்று நாள் முழுகினார். ஊருக்குத் திரும்பியதும் கருவிகளை நீரில் அலசிப் பையில் இட்டு, அலமாரியின் மேல் வைத்தார். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் அவர் கடல் பக்கம் செல்லவில்லை. பையும் திறக்கப்படவில்லை.

பயன்படாத பொருள் தேயாது என்று நாம் எண்ணுகிறோம். ரப்பருக்கும் உப்புக்கும் அந்த நியதி தெரியாது. நம் நாட்டின் ஈரக் காற்றில் மூடிய பைக்குள் பூஞ்சணம் படர்கிறது. மடித்து வைத்த ரப்பர் உடையில் மடிப்புத் தழும்பு நிலைத்துவிடுகிறது. காற்றுக் குழாயின் வளைவுகளில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. காற்றைக் கசியவிடாமல் அடைக்கும் சிறிய ரப்பர் வளையங்கள் காய்ந்து இறுகுகின்றன. சரியாகக் கழுவப்படாத உப்பு நீர் வற்றியபின், அதன் கூர்மையான துகள்கள் உலோகத்தை அரிக்கத் தொடங்குகின்றன. நாள்தோறும் பயன்படும் கருவியில் குறை தோன்றினால் அன்றே ஒருவர் கண்ணில் படும். அலமாரியில் இருக்கும் கருவியின் குறையைக் காண்பார் எவரும் இல்லை.

தீவை அடைந்த அன்று நண்பகலில் இருவரும் முழுகுவதற்கு ஆயத்தமாயினர். மூத்தவர் தம் ரெகுலேட்டரைக் காற்றுக் கலனில் பொருத்தித் திறப்பைத் திருகினார். கசிவு ஓசை எதுவும் இல்லை. வாயில் வைத்து மூச்சு விட்டுப் பார்த்தார். காற்று தடையின்றி வந்தது. “பார்த்தீர்களா தம்பி, புதிது போலவே இருக்கிறது,” என்றார்.

வழிகாட்டியாக வந்த மலாய் இளைஞர் அருகில் வந்து, “சிக்கு, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை ஆழமாக மூச்சை இழுங்கள்,” என்றார். அவ்வாறே செய்தபோது, ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தமானியின் முள் கீழே இறங்கி மீண்டும் மேலே ஏறியது. இளைஞர் கலனின் திறப்பைத் தொட்டுப் பார்த்தார். அது முழுமையாகத் திறந்தே இருந்தது. பின்னர் ரெகுலேட்டரைக் கழற்றி, காற்று நுழையும் வாயை வெயிலில் திருப்பிக் காட்டினார். அங்கே இருக்கும் சிறிய உலோக வடிகட்டியில் பச்சை நிறத்தில் களிம்பு ஏறியிருந்தது.

“சிக்கு, இதைக் கடைசியாக எப்போது சோதனைக்குக் கொடுத்தீர்கள்?” என்று அவர் பணிவோடு கேட்டார்.

மூத்தவருக்கு உடனே பதில் வரவில்லை. வாங்கிய நாள் முதல் கொடுக்கவே இல்லை என்பதே உண்மை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கருவியை நீரில் அலசியபோது, காற்று வாயை மூடும் சிறிய மூடியை இறுக்கமாகப் பொருத்தாமல் விட்டிருக்க வேண்டும். அன்று உள்ளே புகுந்த நீர் தன் வேலையை அமைதியாகச் செய்து முடித்திருந்தது.

கரையில் காற்று தடையின்றி வந்ததே, பின் என்ன குறை என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் கடலின் இயல்பை உணர வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 2.8 வளிமண்டலம். அங்கே ஒரு முறை நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கக் கரையில் தேவைப்பட்டதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவான காற்று கலனிலிருந்து வெளிவர வேண்டும். பாதி அடைபட்ட வடிகட்டி கரையில் ஈடுகொடுக்கும், ஆழத்தில் ஈடுகொடுக்காது. அங்கே மூச்சு முட்டும்போது மனிதன் முதலில் இழப்பது அறிவமைதியை. அமைதி இழந்தவன் மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து மேலெழுவான். மேலெழும்போது அழுத்தம் குறைவதால் நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழியை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கிய மூத்தவருக்கு, அதன் முழுப்பொருள் அன்றுதான் விளங்கியிருக்க வேண்டும். அவர் ஒன்றும் பேசாமல், முன்பு தாம் இகழ்ந்த வாடகை ரெகுலேட்டரை வாங்கிப் பொருத்திக்கொண்டார். அது கீறல் விழுந்து நிறம் மங்கியிருந்தது. ஆனால், முதல் நாள்தான் வேறொருவர் அதில் மூச்சுவிட்டிருந்தார். அன்று காலையிலும் அது சோதிக்கப்பட்டிருந்தது.

இளையவரின் பாடம் நீருக்குள் காத்திருந்தது. அவர் வாடகைக்கு எடுத்த முகக் கண்ணாடி அவருடைய ஒடுங்கிய முகத்திற்குப் பொருந்தவில்லை. ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் கன்னத்தின் ஓரமாக நீர் கசிந்தது. மூக்கினால் காற்றை ஊதி நீரை வெளியேற்றினார், மீண்டும் கசிந்தது. முழுகிய நாற்பது நிமிடமும் அவர் கண்ணாடியோடு போராடினாரேயன்றிப் பவளத்தைப் பார்க்கவில்லை. கண்ணில் உப்பு எரிய, மூக்கில் நீர் ஏற, ஆமை வந்த திசையைப் பிறர் காட்டியும் அவரால் காண முடியவில்லை. அடிக்கடி ஊதியதால் கலனில் காற்றும் விரைவாகக் குறைந்தது. அவர் பொருட்டு அனைவரும் முன்கூட்டியே மேலேற வேண்டியதாயிற்று.

மாலையில் மூத்தவர் தம் முகக் கண்ணாடியைக் கொடுத்து, “தம்பி, இதை வைத்துப் பாருங்கள்,” என்றார். பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் மட்டும் பதித்து, மூக்கினால் மெல்லக் காற்றை உள்ளிழுத்துக் கையை எடுத்தால், பொருந்திய கண்ணாடி விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். மூத்தவருக்கு அது அவ்வாறே நின்றது. இளையவருக்கு உடனே விழுந்தது. ஒருவர் முகத்திற்குப் பொருந்தியது மற்றொருவருக்குப் பொருந்தவில்லை. முகக் கண்ணாடியைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. அதன் விலை மற்றக் கருவிகளை நோக்கக் குறைவு, எடையும் குறைவு, பழுது பார்க்கும் வேலையும் அதில் மிகுதியாக இல்லை. பார்வைக் குறையுள்ளோர் தம் கண்ணுக்கேற்ற வில்லையை அதில் பொருத்திக்கொள்ளவும் முடியும்.

இவ்விருவர் பட்டறிவிலிருந்தும் ஒரு முறைமை புலப்படுகிறது. உடலோடு ஒட்டி, அவரவர் அளவுக்கே உரியதாய், எளிதில் பேணத்தக்கதாய் இருப்பதைச் சொந்தமாக வைத்திருத்தல் நன்று. கனமானதாய், வல்லுநர் கைபட வேண்டியதாய், அடிக்கடி பயன்பட்டாலன்றிக் கெடுவதாய் இருப்பதை, விடுமுறையில் மட்டும் முழுகுவோர் வாடகைக்குக் கொள்ளுதல் நன்று. முகக் கண்ணாடி முதல் வகையைச் சேர்ந்தது. காலுக்குப் பொருந்தாத துடுப்பு தோலை உரித்துவிடும். ஆதலால் அதையும், பையில் இடம் இருந்தால், முதல் வகையில் சேர்க்கலாம். நம் கடல்நீர் வெதுவெதுப்பானது. மெல்லிய உடையே போதும். ரெகுலேட்டரும் மிதவைச் சட்டையும் இரண்டாம் வகை. காற்றுக் கலனைப் பற்றி ஐயமே வேண்டா. வெற்றுக் கலனே ஏறக்குறைய 14 கிலோ எடையிருக்கும். காற்று நிரம்பிய கலனை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அதன் உட்புறத்தையும் வலிமையையும் குறித்த காலங்களில் சோதிக்கவும் வேண்டும். அடிக்கடி முழுகுவோரும் கலனைத் தீவிலேயே வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம்.

மணிக்கட்டுக் கணினியின் நிலை தனிப்பட்டது. ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. அது மெல்ல வெளியேறாவிட்டால் குமிழிகளாக மாறி மூட்டுகளிலும் நரம்புகளிலும் துன்பம் விளைக்கும். ஒருவர் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதைக் கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணினி கணக்கிடுகிறது. காலையில் ஒருவர் அணிந்ததை மாலையில் மற்றொருவர் அணிந்தால், அது முன்னவர் உடலின் கணக்கையே பின்னவருக்குக் காட்டும். எனவே, வாடகைக்கு எடுத்தாலும் பயணம் முடியும்வரை ஒரே கணினியை ஒருவரே அணிய வேண்டும். ஆண்டுதோறும் முழுகுவோர், தமக்குப் பழகிய ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தால், அதன் எண்களைப் படிப்பதில் தடுமாற மாட்டார்கள்.

வாடகைக்கு எடுப்போர், பொறுப்பையும் வாடகைக்குக் கொடுத்தவரிடமே விட்டுவிடலாகாது. ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்னும் பழமொழி அவர்களுக்கே பொருந்தும். எல்லாக் கடைகளும் ஒரே அளவு அக்கறை உடையவை அல்ல. காற்றுக் குழாய்களை வளைத்து வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். மிதவைச் சட்டையைக் காற்றால் நிரப்பி, அது குறையாமல் நிற்கிறதா என்று சற்று நேரம் காத்திருக்க வேண்டும். முதன்மை வாய்க்கருவி, மாற்று வாய்க்கருவி இரண்டிலும் மூச்சுவிட்டு, அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று நோக்க வேண்டும். காற்றில் எண்ணெய் நாற்றமோ புகை நாற்றமோ இருந்தால் அந்தக் கலனை மறுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனைக்கு வெட்கப்படுவோர் உளர். வழிகாட்டி தவறாக எண்ணிக்கொள்வாரோ என்று அஞ்சுகின்றனர். நல்ல வழிகாட்டி அதைக் கண்டு மகிழவே செய்வார்.

ஊர் திரும்பியதும் மூத்தவர் தம் ரெகுலேட்டரை வல்லுநரிடம் கொடுத்துச் செம்மை செய்தார். பின்னர் அதையும் மிதவைச் சட்டையையும், வழிகாட்டித் தொழிலில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றுவிட்டார்.

“அவ்வளவு பணம் போட்டு வாங்கியதை இந்த விலைக்கா கொடுத்தீர்கள்?” என்று மனைவியார் கேட்டார்.

“அந்தப் பையன் நாள்தோறும் கடலில் இறங்குகிறவன். அவன் கையில் அது உயிரோடிருக்கும், நம் அலமாரியில் இருந்தால் இந்த விலையும் வராது,” என்றார் அவர். கிடைத்த பணம் சமையலறைக் கூரைக்குச் சென்றது.

அடுத்த ஆண்டு விடுமுறையில் இருவரும் மீண்டும் அதே படகுத்துறையில் நின்றனர். இப்போது இருவர் தோளிலும் சிறிய பையே தொங்கியது. இளையவரின் பையில் நான்கைந்து கடைகளில் பொறுமையாகத் தேடி வாங்கிய முகக் கண்ணாடி இருந்தது. மூத்தவரிடம் அவருடைய பழைய முகக் கண்ணாடியும் மணிக்கட்டுக் கணினியும் இருந்தன. மற்றவற்றைத் தீவில் வாடகைக்கு எடுத்துக்கொண்டனர். கரையில் அமர்ந்து ஒவ்வொன்றையும் சோதித்த பின்னரே கடலில் இறங்கினர். இம்முறை இளையவர் ஆமையைக் கண்டார்.

கடைசி நாள் மாலையில், கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும் முன், மூத்தவர் நல்ல நீர்த் தொட்டியின் அருகே அமர்ந்து தாம் பயன்படுத்திய ரெகுலேட்டரைக் கழுவினார். முதலில் காற்று வாயின் சிறிய மூடியை நன்றாகத் துடைத்து உலர்த்தி, இறுக்கமாகப் பொருத்தினார். பின்னரே அதை நீரில் நனைத்தார்.

“சிக்கு, அது எங்கள் வேலை, அப்படியே வைத்துவிடுங்கள்,” என்றார் வழிகாட்டி இளைஞர்.

“நாளைக் காலையில் இதில் ஒருவர் மூச்சுவிடப் போகிறார் அல்லவா?” என்று சொல்லி, அவர் கழுவுவதைத் தொடர்ந்தார்.

தமக்குச் சொந்தமாயிருந்தபோது காட்டாத அக்கறையை, சொந்தமல்லாத கருவியிடம் அன்று அவர் காட்டினார்.